தையல் திருப்தியில்லை

போன மாதம் பயிற்சிக் கல்லூரிப் பெண்கள் இருவர் வீட்டுக்கு வந்து, தங்கள் சஞ்சிகைக்கு என் சேவைக் காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள்.

"இனிமையான ஞாபகங்களாப் பாத்து எழுதுங்க ரீச்சர்" என்றாள் ஒருத்தி.

"பேர் போட விருப்பமில்லாட்டி 'ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை' எண்டு போடுவம். பொம்பிளையள் எழுதினா அப்பிடித்தான் போடுற" என்றாள் மற்றவள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. பரிசளிப்பு விழா, பிள்ளைகள் கொண்டுவந்து தரும் நாவற்பழம், மாரியில் ஓடு ஒழுகி நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு பாடம் நடத்தியது என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அந்த நேரத்தில்தான் என் மகள் பூரணியின் கடிதம் கொழும்பிலிருந்து வந்தது.

பூரணி கணிதத்தில் பட்டம் பெற்றவள். அங்கே ஓர் உயர்கல்லூரியில் தற்காலிக உதவியாளராக இருக்கிறாள். விரிவுரையாளர் ஒருவர் சுகவீனமாகிப் போனபோது அவருடைய வகுப்புகளை ஒரு வருடம் முழுவதும் அவளே நடத்தினாள். அவள் எழுதிய குறிப்புகளைத்தான் மாணவர்கள் படித்தார்கள். குறிப்புகளின் மேலே இருந்தது அவருடைய பெயர். இப்போது அந்த இடம் நிரந்தரமாக நிரப்பப்படுகிறது. நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். மேசைக்குப் பின்னால் ஐந்து ஆண்கள். முதற் கேள்வி, "திருமணம் நிச்சயமாகிவிட்டதா?"

"எனக்கு முன்னால் வந்துபோனவரிடம் இதைக் கேட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறாள் என் மகள்.

கணிதத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை. "நீங்கள் போகலாம்" என்றார்களாம். முடிவு இன்னும் தெரியாது.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். "மகள், அவசரப்பட்டு வாய் விட்டுவிட்டாய். சபைத் தலைவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுது. பணிவாக எழுது." உறையில் இட்டு, மூடி, முத்திரையும் ஒட்டினேன். அது இப்போது என் முன்னால் மைக்கூட்டின் கீழ் இருக்கிறது. தபாலில் போடுவதற்கு முன், அவள் வயதுக்குச் சற்று மூத்த வயதில் நான் என்ன செய்தேன் என்பதை உண்மையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நாவற்பழப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் புளியந்தீவு நகரில் படித்துத் தேறினேன். கணிதத்தில் என் புள்ளி ஆண்கள் எல்லோரையும் விட மேலே இருந்தது. தையலில் மயிரிழையில் தப்பினேன். ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்றைக்கும் நாலு முயற்சி வேண்டும். எங்கள் ஊர், கடலேரியான வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருக்கிறது. அங்கேயே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பாடசாலையில் இடம் கிடைத்தது. எட்டாம் வகுப்பு வரை உண்டு.

தலைமையாசிரியர் கனகசபை வடக்கிலிருந்து வந்தவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். பிரம்பு எடுக்க மாட்டார். சத்தம் போட மாட்டார். ஏதாவது இக்கட்டு என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைக்கத் தொடங்குவார். இக்கட்டின் அளவுக்குத் துடைப்பு நீளும். அவரிடம் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, அச்சடித்தது போன்ற கையெழுத்து. மற்றது, தன் வாயால் பொய் சொல்வதில்லை என்பது. அதைத் தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அவருடைய அறைச் சுவரில், கறுப்பும் சிவப்புமான மையில் எழுதி, சட்டம் போட்டு, ஒரு நேரசூசி தொங்கியது. எந்த நேரத்தில் எந்த வகுப்பில் எந்த ஆசிரியர் என்ன படிப்பிக்கிறார் என்பது அதில் இருந்தது. மேசை லாச்சிக்குள் இன்னொரு நேரசூசி இருந்தது, பென்சிலால் எழுதியது. நாங்கள் நடந்துகொண்டது லாச்சிக்குள் இருந்ததன்படி.

இது இப்படி ஆரம்பித்தது. மேல்வகுப்புகளுக்குக் கணிதம் துரைராசா மாஸ்டருடைய பாடம். அவர் புராணம் சொன்னால் ஊர் கூடும். பின்னக் கணக்கு வந்தால் அவருக்கு வியர்க்கும். ஒரு தவணைப் பரீட்சையில் எட்டாம் வகுப்பு முழுவதும் தவறியது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தத் தவணை மட்டும் ஏழையும் எட்டையும் நீர் பாரும். மாஸ்டர் உம்முடைய கீழ்வகுப்பில் பாட்டும் வாசிப்பும் பாக்கட்டும். கடதாசியில் ஒண்டும் மாத்தத் தேவையில்லை. தற்காலிகம்தானே."

அந்தத் தற்காலிகம் ஒன்பது வருடம் இருந்தது.

சந்தோசமாகத்தான் படிப்பித்தேன், அதை மறைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய் என்று கணக்கு வரும். எங்கள் பிள்ளைகள் குழாயைக் கண்டதில்லை. ஆனால் மாரியில் வாவி நிறைந்து வயல் வட்டையில் வெள்ளம் நின்றால், தகப்பன்மார் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடுவது அவர்களுக்குத் தெரியும். அதைக் கணக்காக்கினேன். மேலிருந்து மழைநீர் இந்த அளவு வந்துகொண்டிருக்கிறது, வெட்டுவாயால் இந்த அளவு போகிறது, பயிர் அழுக இத்தனை நாள். வெள்ளம் அதற்குள் வடியுமா? பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று சண்டை பிடித்தார்கள். "எங்கட வட்டை தாழ்வு ரீச்சர், அந்தக் கணக்கு வேற!" என்று ஒரு பெண்பிள்ளை அழவே தொடங்கிவிட்டாள். அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒருவர் மட்டுமே தவறினார்.

வருடத்துக்கு ஒரு தடவை வித்தியாதரிசி பாடசாலையைப் பரிசோதிக்க வருவார். அவருடைய கார் கிழக்குக் கரைத் துறையோடு நிற்கும். அங்கிருந்து தோணியில் எங்கள் கரைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். தலைமையாசிரியர் காலையிலிருந்தே விறாந்தையில் நெற்றிக்குக் கை வைத்தபடி நிற்பார். வித்தியாதரிசியின் தொப்பி தெரிந்ததும் மணியை இரண்டு தட்டு மெல்லத் தட்டுவார். அந்த அரை மணி நேரத்துக்குள் பாடசாலை சுவரில் உள்ள நேரசூசிக்கு மாறிவிடும். நான் வெண்கட்டியைக் கரும்பலகையடியில் வைத்துவிட்டு, கை கழுவி, மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் தையலுக்குப் போவேன். ஏனென்றால் சுவரில் என் பெயருக்கு நேரே இருந்தது "தையல், பாய் இழைத்தல்". துரைராசா மாஸ்டர் எட்டாம் வகுப்புக்கு வருவார். கரும்பலகையில் நான் போட்டு வைத்த கணக்கை அழிக்க மாட்டார். அழித்தால் திருப்பிப் போட அவருக்குத் தெரியாது.

வாசலில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது, "ரீச்சர், விடை எத்தினை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க" என்பார்.

"பதினொரு நாள் மாஸ்டர். பிள்ளையளக் கேளுங்க, அதுகள் சொல்லும்."

"அதுகள் என்னைப் பாத்துச் சிரிக்குதுகள் ரீச்சர்."

நாங்களும் சிரிப்போம். எத்தனை வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வித்தியாதரிசி போகுமுன் லொக் புத்தகத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையொப்பமிடுவார். அதை ஆசிரியர்களுக்குக் காட்டும் வழக்கமில்லை. ஒன்பதாம் வருடம் உதவித் தலைமையாசிரியர் இடம் காலியானது. மேல்வகுப்பில் ஐந்து வருடம் படிப்பித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மேல்வகுப்பில் கணிதம் எண்டு எழுதியிருக்கிறீர். நான் அதை அத்தாட்சிப்படுத்த ஏலாது பிள்ளை."

"ஏன் ஐயா? ஒவ்வொரு நாளும் நான்தானே படிப்பிக்கிறன்?"

"அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். திணைக்களத்துக்குச் சுவரில் உள்ளதுதான் தெரியும். அதுக்கு மாறாய் நான் எழுதினால் பொய்யெல்லோ?"

பிறகு, என் மேல் உண்மையான இரக்கத்தோடு, லொக் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். விண்ணப்பித்து அவமானப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் காட்டினார் என்று நினைக்கிறேன். முதலில் துரைராசா மாஸ்டரின் பெயர். "கணிதம் மிகச் சிறப்பு. முகத்துவாரக் கணக்கு இவ்வாசிரியரின் அறிவுக்கூர்மையைக் காட்டுகிறது." அதற்குக் கீழே நான். "நேசம்மா: தையல் திருப்தியில்லை." பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். முந்திய வருடம்: "தையல் திருப்தியில்லை." அதற்கு முந்திய வருடம்: "தையலில் முன்னேற்றம் காணப்படவில்லை."

அந்த அறையில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. கிணற்றடியில் நின்று, மணி இரண்டு தட்டியதும் நானே நடந்து போய்த் தையல் வகுப்பில் உட்கார்ந்த ஒன்பது காலைகளையும் எண்ணினேன். ஒருவரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்த எண்ணம்தான் என்னை நிமிர்த்தியது. நானாக நடந்து போனேன் என்றால், நடக்காமலும் நிற்கலாம்.

அடுத்த மாதம் தலைமையாசிரியரும் பாடசாலை மனேஜரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாடசாலைக்குப் புதுக் கட்டடம் வேண்டும். கட்டுவதற்கு ஒட்டியுள்ள எங்கள் வளவில் ஒரு துண்டு வேண்டும். நொத்தாரிசிடம் எழுதுவித்த காணி உறுதியை விரித்து, பேனையை என் கணவரிடம் நீட்டினார் தலைமையாசிரியர். அவருடைய ஊரில் மனைவியின் சீதனக் காணியானாலும் கணவன் கையெழுத்து முன்னால் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டார்.

என் கணவர் அப்போதுதான் வட்டையிலிருந்து வந்து காலில் சேறோடு நின்றார். பேனையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, இஞ்ச நான் வந்து ஏறின ஆள். இந்த வீடும் வளவும் அவட தாய்ட, தாய்க்கு முன்ன அவட தாய்ட. மறுகா என்ட மகளுக்குப் போகும். நான் ஒப்பம் வச்சா இந்த ஊர்ப் பொம்பிளையள் என்னை ஆத்துக்கு அங்கால துரத்திப்போடுவாளுகள். அவவிட்டக் கேளுங்க."

பேனை என் பக்கம் திரும்பியது. பதினைந்து வருடம் அந்த ஊரில் சோறு சாப்பிட்ட தலைமையாசிரியர், தன் பாடசாலையின் பக்கத்து நிலம் யாருடையது என்பதை அன்றுதான் அறிந்தார்.

"காணி தாறன் ஐயா. எங்கட பிள்ளையளுக்குத்தானே" என்றேன். "ஆனா இப்ப ஒப்பம் வைக்கமாட்டன். அடுத்த முறை இன்ஸ்பெக்டர் வரக்குள்ள மணி தட்டப்படாது. நான் எட்டாம் வகுப்பில நிப்பன். அவர் போன மறுநாள் வைக்கிறன்."

மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைமையாசிரியருக்கு விளங்கியது. கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார்.

"காணியைக் காட்டி மிரட்டுறீரோ பிள்ளை?"

"ஓம் ஐயா. வேலையக் காட்டி ஒன்பது வருசம் இருந்தன். அதுக்கு ஒருத்தரும் பயப்படல்ல."

"பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வரும்."

"எனக்கு வந்திட்டு ஐயா. லொக் புத்தகத்தில இரிக்கி."

அவர்கள் போன பிறகு கணவர் கால் கழுவிக்கொண்டு வந்தார். "வேலை போனா என்ன செய்வாய்கா?" என்றார்.

"தைப்பன்."

"கடவுளே, வேலை போகப்படாது" என்றார்.

அடுத்த முறை வித்தியாதரிசியின் தோணி நடு வாவிக்கு வந்தது எட்டாம் வகுப்பு யன்னலால் தெரிந்தது. மணி தட்டவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கரும்பலகையில் புதுக் கணக்கொன்றைப் போடத் தொடங்கினேன். துரைராசா மாஸ்டர் வாசல் வரை வந்தார். "ரீச்சர், தோணி வந்திட்டு" என்றார். "தெரியும் மாஸ்டர்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

வித்தியாதரிசி உள்ளே வந்தார். கையில் சுவர் நேரசூசியின் பிரதி. என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார்.

"இது கணித பாடமல்லவா? துரைராசா மாஸ்டர் எங்கே?"

"கணித பாடம்தான் ஐயா. நான்தான் படிப்பிக்கிறேன்."

"இன்றைக்கு மட்டுமா?"

"ஒன்பது வருடமாக."

அவர் முகம் இறுகியது. "நீங்கள் தையல் ஆசிரியை. முகத்துவாரக் கணக்கு..."

"நான் செய்தது. என் கணவரின் வட்டை தாழ்வான வட்டை ஐயா. அதன் வெள்ளத்தை அளந்துதான் செய்தேன்."

அவர் திரும்பி, வாசலில் நின்ற தலைமையாசிரியரைப் பார்த்தார். "இந்த அம்மா சொல்வது உண்மையா?"

கண்ணாடி கழன்றது. சால்வைத் தலைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. அவர் ஒரு சொல்லால் என்னைத் தொலைத்திருக்கலாம். ஆனால் பொய்க்குக் கடதாசி கொடுத்த இடத்தை அவருடைய வாய் கொடுக்கவில்லை.

"ஓம்" என்றார். "ஒன்பது வருசம்."

வித்தியாதரிசி ஒரு மணி நேரம் எட்டாம் வகுப்பில் இருந்தார். என்னைப் பாராட்டவில்லை. லொக் புத்தகத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "நேரசூசியும் நடைமுறையும் ஒத்துப்போக வேண்டும். உடனே திருத்துக." மறுநாள் நான் காணி உறுதியில் ஒப்பம் வைத்தேன். சுவரில் இருந்த சட்டம் இறங்கியது. புதிய நேரசூசியில் என் பெயருக்கு நேரே "கணிதம், ஏழு, எட்டு" என்று சிவப்பு மையில் வந்தது. கனகசபை ஐயா அதைத் தன் மிக அழகான எழுத்தில்தான் எழுதினார்.

கதை இத்தோடு இனிதாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உதவித் தலைமையாசிரியர் இடம் அந்த வருடம் துரைராசா மாஸ்டருக்கே போனது. நடந்த ஒன்பது வருடத்தை ஒருவரும் திருப்பி எழுதவில்லை. என் ஐந்து வருடம் அன்றிலிருந்து எண்ணப்பட்டது. நான் உதவித் தலைமையாசிரியையானபோது எனக்கு நரை கண்டிருந்தது. தலைமை இடத்துக்கு மூன்று தடவை விண்ணப்பித்தேன். மூன்று தடவையும் என்னிடம் படித்த ஆண்கள் வந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்தான், நான் படிப்பித்தவர்கள் அல்லவா?

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. எங்கள் பாடசாலையில் ரோசம்மா என்றொரு ஆசிரியை இருந்தாள். புளியந்தீவிலிருந்து வந்து எங்கள் ஊரில் வாடகை அறையில் தங்கியவள். மேல்வகுப்புப் பூமிசாத்திரம் முழுவதும் அவளே படிப்பித்தாள். சுவரில் அவளுக்கு "பாட்டு" என்றிருந்தது. எனக்கு முன்பே அவள் தலைமையாசிரியரிடம் போய் அதை மாற்றித் தரும்படி கேட்டவள். "பாப்பம் பிள்ளை" என்றார் அவர். அவளுக்கு அந்த ஊரில் ஒரு சாண் காணியில்லை. கலியாணம் முடித்துப் போனாள். அவளைப் பற்றி லொக் புத்தகத்தில் இருப்பது "பாட்டுச் சுமார்" என்ற ஒரே வரி. என் ஒன்பது வருட உழைப்பு செய்யாததை ஆறு தென்னை நின்ற ஒரு மணல் துண்டு செய்தது. அது இல்லாதவள் கேட்டபோதும் கேள்வி அதே கேள்விதான்; அதே அளவு நியாயம்தான்.

ஆகையால் பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நேரசூசி எழுதும் நாளில் நீங்களும் அந்த அறையில் நில்லுங்கள். உங்கள் பெயருக்கு நேரே உள்ளது நீங்கள் செய்யும் வேலைதானா என்று பார்த்த பிறகு அதில் உங்கள் ஒப்பமும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒருத்தி தனியே கேட்டால் அடங்காப்பிடாரி என்பார்கள், எல்லோரும் சேர்ந்து கேட்டால் வழக்கம் என்பார்கள். உங்களைப் பற்றி எழுதும் வரியை உங்களுக்குக் காட்டாத புத்தகம் எதையும் நம்பாதீர்கள். "தற்காலிகம்" என்று யாராவது சொன்னால் எந்த நாள் வரை என்று அங்கேயே கேளுங்கள். இடம் கொடுக்கும் சபைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆணிடம் கேட்கத் துணியாத கேள்வியைப் பெண்ணிடம் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதுகிறவள்தான், மகள் அதையே சபையில் கேட்டபோது, மன்னிப்புக் கேள் என்று கடிதம் எழுதி முத்திரை ஒட்டினவள். எனக்குக் கீழே என் தாயின் நிலம் இருந்தது. பூரணிக்குக் கொழும்பில் நிற்க அவளுடைய கால்கள் மட்டும்தான். அதனால் பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அந்த இடம் அவளுக்குக் கிடைக்காமலே போகலாம். ஆனால் அவள் மன்னிப்புக் கேட்டால், மணி இரண்டு தட்டியதும் நான் எழுந்து தையலுக்குப் போனதைப் போலத்தான் அதுவும்.

மைக்கூட்டின் கீழிருந்த கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன். வேறொரு தாளில் எழுதினேன்: "மகள், நீ கேட்டது சரி. பதில் வராவிட்டால் எழுத்தில் கேள். கடிதத்தின் பிரதி ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள்."

சஞ்சிகையாசிரியருக்கு ஒரு வேண்டுகோள். "ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று போட வேண்டாம். கீழே உள்ளபடி, ஓர் எழுத்தும் குறையாமல் போடவும்.

நேசம்மா,
கணித ஆசிரியை.
தையல்: திருப்தியில்லை.